ஆயிரத்துக்கு இன்னும் மூன்று

1

ரபியுல் அவ்வல் பிறை தெரிந்துவிட்டால் என் மச்சானைக் கையில் பிடிக்க முடியாது. மச்சான் என்றால் என் மனைவி பரிதாவின் அண்ணன் ஷரீப். சேலம் அஸ்தம்பட்டியில் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். நபிகள் பிறந்த அந்த மாதம் முழுக்க, உலகத்தில் எங்கே இருந்தாலும் குடும்பத்து ஆட்கள் தினமும் ஸலவாத் ஓதி, எத்தனை ஓதினோம் என்று வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நபிகள் மீது அருள் பொழிய வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்கிற ஒரே ஒரு வரிதான் ஸலவாத். வேகமாகச் சொன்னால் மூன்று நொடி கூட ஆகாது.

குழுவில் முப்பத்தோரு பேர் இருக்கிறோம். ஆட்டையாம்பட்டியில் என் அண்ணன் குடும்பம், மல்லசமுத்திரத்தில் பரிதாவின் சின்னம்மா வீட்டார், சேலத்தில் பாதிப் பேர், துபாயில் மூன்று பேர், நியூசிலாந்தில் நாங்கள். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு மச்சான் எல்லாரும் அனுப்பியதைக் கூட்டுவார். அதிகம் ஓதியவர் மேலே, குறைவாக ஓதியவர் கீழே என்று பட்டியல் போடுவார். அங்கே இரவு பத்தரை என்றால் ஆக்லாந்தில் எங்களுக்கு விடிகாலை ஐந்து. சுபுஹு தொழ எழுந்ததும் நான் முதலில் செய்வது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போனை எடுத்துப் பட்டியலில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான்.

போன வருஷம் வரைக்கும் என் பெயர் நடுவில் எங்காவது கிடக்கும். இந்த வருஷம் முதல் வாரத்திலேயே மேலே ஏறிவிட்டது. காரணம், ஊரிலிருந்து வந்த ஒரு பார்சல். அதில் ஆட்டையாம்பட்டி கை முறுக்கோடு மச்சான் ஒரு விரல் கவுன்டரும் வைத்து அனுப்பியிருந்தார். மோதிரம் மாதிரி விரலில் மாட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் சாமான். கட்டை விரலால் பொத்தானை அமுக்கினால் குட்டித் திரையில் எண் ஒன்று கூடும். இந்த நாட்டு அதிகாரிகள் பார்சலைப் பிரித்து முறுக்கை ஒவ்வொன்றாகச் சோதித்து, ஏதாவது பூச்சி புழு இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப ஒட்டி அனுப்பியிருந்தார்கள். கவுன்டரை யாரும் சந்தேகப்படவில்லை.

அதை மாட்டிக்கொண்டதிலிருந்து என் வாழ்க்கையே மாறிவிட்டது போல் இருந்தது. பல் தேய்க்கும்போது இருபது, கடையில் வரிசையில் நிற்கும்போது அறுபது. பஸ் ஓட்டும்போது கேட்கவே வேண்டாம். நான் பேருந்து ஓட்டுநர். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தனிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிற ஆள்.

"என்ன மாப்ள, துபாய்க்காரங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுட்டீங்க" என்று மச்சான் குரல் செய்தி அனுப்பினார். அதை நான் மூன்று தடவை கேட்டேன். என் மகள் அஃப்ரின் காலை டீயோடு என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலை எட்டிப் பார்த்தாள்.

"அத்தா, ஆண்டவன்கிட்ட போறதுக்கும் ஸ்கோர் போர்டா?"

தொழாத பிள்ளைக்கு வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை என்று எரிந்து விழுந்தேன். அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். சொன்னது சுட்டதால்தான் கோபம் வந்தது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

2

நான் எப்படி இங்கே வந்தேன் என்று ஊரில் இன்னும் சிலர் கேட்கிறார்கள். பரிதா நர்ஸ். அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். அதற்கு முன் நாமக்கல் லாரிகளில் எட்டு வருஷம் ஓட்டினேன். வரும்போது அஃப்ரினுக்கு எட்டு வயது, இப்போது பத்தொன்பது. பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். வீட்டில் தமிழ் கேட்டால் புரிந்துகொள்வாள், பதில் பாதித் தமிழிலும் பாதி அவசரத்திலும் வரும்.

ஊரில் அல்லாஹ்வின் பெயர் பேச்சோடு பேச்சாக வாயில் வந்து போகும். லாரியில் ஏறினால் அவன் பெயரால் என்று பிஸ்மில்லாஹ், தும்மினால் அவனுக்கே புகழ் என்று அல்ஹம்துலில்லாஹ், நாளைக்கு வருவாயா என்றால் அவன் நாடினால் என்று இன்ஷா அல்லாஹ். எதிரே இருப்பவன் இந்துவானாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டதில்லை. அவனும் பதிலுக்கு ஒரு சாமி பெயரைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பான்.

இங்கே அதுவே தொல்லையாகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாளை காலை முதல் பஸ்ஸை எடுக்க முடியுமா என்று டெபோவிலிருந்து ஒரு பெண் கேட்டாள். இன்ஷா அல்லாஹ், கண்டிப்பாக என்றேன். கண்டிப்பாக என்பதை இங்கிலீஷில் சொல்லியிருக்கலாம். அதையும் தமிழிலேயே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இரண்டுமே புரியவில்லை, சந்தேகமாகச் சொல்கிறேன் என்று நினைத்து வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாள். நான் இருட்டோடு குளித்துக் கிளம்பிப் போய் நின்றால் என் பஸ்ஸை இன்னொருவன் ஓட்டிக்கொண்டு போகிறான். அன்றிலிருந்து ஆபீசில் 'யெஸ்' மட்டும்தான். இன்ஷா அல்லாஹ்வை மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

இப்படி ஒவ்வொன்றாக உள்ளே போய், வெளியே சத்தமில்லாமல் ஆகிவிட்ட பிறகுதான் கவுன்டர் வந்தது. அதன் டிக் டிக் சத்தம் எனக்குப் பெரிய துணையாக இருந்தது. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எண் ஏறுகிறது, ஆகவே நான் அல்லாஹ்வை நெருங்கிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பினேன்.

இந்த ஊரில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கும்போது பயணிகள் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். பின் கதவால் இறங்கினாலும் அங்கிருந்தே சத்தமாகச் சொல்வார்கள். நாமக்கல்லில் எட்டு வருஷம் ஓட்டிய எனக்கு எட்டு பேர் நன்றி சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம். முதல் மாதம் ஒவ்வொரு நன்றிக்கும் பூரித்துப் போனேன். பிறகுதான் கவனித்தேன், பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்கள். நான் ஓட்டுகிறேனா வேறு யாராவது ஓட்டுகிறார்களா என்பதே அவர்களுக்குத் தெரியாது. அது நன்றிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டு இறங்குகிற ஒருவர் வந்தால் அன்றைய அலுப்பு போய்விடும்.

3

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. மதியம் மூன்று மணி, பள்ளிக்கூடம் விடுகிற நேரம். கவுன்டரில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஏழு என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், பார்த்தேன். ஆயிரம் ஆகிவிட்டதா, தாண்டிவிட்டதா என்று விரலைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு நொடிதான். ஆயிரம் ஆனால் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அடுத்த ஆயிரத்தை ஆரம்பிக்க வேண்டும். அதுதான் என் கணக்கு.

தலையைத் தூக்கியபோது ஜீப்ரா கோட்டில் ஒரு பெண் காலை வைத்துவிட்டாள். முன்னால் தள்ளுவண்டி, அதில் குழந்தை, வண்டிக்கு மேலே மழைக்குப் போட்ட கண்ணாடித் தாள். பிரேக்கை முழுசாக மிதித்தேன். பஸ்ஸில் நின்றிருந்த பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். முன் சக்கரம் கோட்டைத் தொட்டு நின்றது.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கையைத் தூக்கி, வண்டியை நிறுத்தியதற்கு நன்றி என்று சைகை காட்டிவிட்டு, தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

நான் பஸ்ஸை எடுத்தேன். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் மீதி மூன்றையும் ஓதி ஆயிரத்தை முடித்தேன்.

இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பார்த்தது தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு குழந்தை தப்பிப் பிழைத்து ஐந்நூறு அடி போவதற்குள், அல்ஹம்துலில்லாஹ் என்ற ஒரு சொல் எனக்கு வரவில்லை. வந்தது மூன்று ஸலவாத், அதுவும் எண்ணிக்கைக்காக. அன்றைக்கு நாலாயிரத்து இருநூறு என்று குழுவில் போட்டேன். பட்டியலில் முதல் இடம்.

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். பரிதா கவனித்துவிட்டாள்.

"ஏனுங்க, மொகமே சரியில்ல. பஸ்ஸுல ஏதாச்சும் ஆச்சுங்களா?"

"ஒன்னும் இல்ல. பிரேக்கு போட்டதுல தோள் வலிக்குது."

தோள் வலித்தது உண்மைதான். அன்று எனக்குச் செங்கோடண்ணன் ஞாபகம் வந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள், லாரியில் எனக்கு ஜோடி டிரைவர். நாலு மணி நேரம் அவர், நாலு மணி நேரம் நான் என்று மாற்றி மாற்றி ஓட்டி நாக்பூர் வரைக்கும் போவோம். கிளம்பும்போது முதலாளி வீட்டம்மா சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார். நான் என் பங்குக்கு பிஸ்மில்லாஹ் சொல்லுவேன். செங்கோடண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார், பீடியைக் கீழே போட்டுவிட்டு ஏறுவார். போய்ச் சேர்ந்து, சரக்கு இறக்கிற இடத்தில் இன்ஜினை அணைத்த பிறகுதான் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்து, "முருகா, கொண்டாந்து சேத்துட்ட" என்பார். ஒரே ஒரு தடவைதான் சொல்வார்.

ஏன் அண்ணா கிளம்பும்போது கும்பிடுவதில்லை என்று ஒரு முறை கேட்டேன்.

"போவும்போது எல்லாரும்தான் கும்படறாங்க பாய். வந்து சேந்தப்பறம் ஒருத்தனும் நெனைக்க மாட்டீங்கறான். அது நல்லா இருக்குதுங்களா, நீங்களே சொல்லுங்க."

அப்போது சிரித்தேன். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஓதுகிற எனக்கு, பீடி குடிக்கிற அந்த மனுஷன் ஒரு தடவை சொன்னதன் எடை ஆக்லாந்தில் தட்டின் முன்னால் உட்கார்ந்துதான் தெரிந்தது.

4

நான்காம் நாள் கடிதம் வந்தது. இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் மரியாதை அதிகம். ஒழுங்கு நடவடிக்கைக் கூட்டத்தில் கலந்துகொள்ள உங்களை அழைக்கிறோம் என்று ஆரம்பித்தது. நேரம், அறை எண், நீங்கள் விரும்பினால் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்ற குறிப்பு வரை எல்லாம் இருந்தது. டீ பிஸ்கட்டும் உண்டு என்று போட்டிருந்தால் கல்யாணப் பத்திரிகைதான். நாமக்கல்லில் என்றால் முதலாளி பட்டறை வாசலிலேயே வைத்து நாலு வார்த்தை திட்டிவிட்டு, சாயங்காலம் லோடு ஏற்றி அனுப்பிவிடுவார்.

திடீர் பிரேக் போட்டால் பஸ்ஸில் உள்ள கேமரா அதற்கு முன்னும் பின்னும் உள்ள அரை நிமிஷப் படத்தைத் தானாகவே ஆபீசுக்கு அனுப்பிவிடும். அது எனக்கு மறந்துபோயிருந்தது. படத்தில் என் உதடு அசைகிறது, கட்டை விரல் பொத்தானை அமுக்குகிறது, தொப்பி மறைப்பதால் கண் தெரியவில்லை என்று கடிதம் சொன்னது. ஓட்டும்போது மின்னணுச் சாதனத்தைப் பயன்படுத்தினீர்கள், வேலையிலிருந்து நீக்குவது வரை நடவடிக்கை இருக்கலாம் என்று மூன்றாம் பத்தியில் எழுதியிருந்தார்கள். எனக்கு நாற்பத்தேழு வயது. பஸ் ஓட்டுவதைத் தவிர இந்த ஊரில் எனக்கு வேறு எதுவும் தெரியாது. இந்தக் குறிப்போடு வெளியே அனுப்பினால் வேறு கம்பெனியும் சேர்க்காது.

பரிதா கடிதத்தைப் படித்துவிட்டு அழவில்லை. நைட் ஷிப்ட் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அது அழுததைவிட மோசமாக இருந்தது.

அஃப்ரின்தான் கொதித்தாள். ஒரு வாரமாக என்னோடு சரியாகப் பேசாத பெண், கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். தொழாத பிள்ளை, அத்தாவின் ஸலவாத்துக்காகச் சண்டைக்குத் தயாராகிவிட்டாள். எனக்கு உள்ளூர சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கவிழ்த்தது.

"இது டிவைஸ் இல்ல அத்தா. ஓதி எண்ணற தஸ்பீஹ் மணி மாதிரி. ரிலிஜியஸ் ஐட்டம். அவங்க தொட முடியாது. வீடியோவுல உங்க கண்ணு தெரியல, தொப்பி மறைக்குது. நீங்க அதைப் பாத்தீங்களா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"அத்தா, பாத்தீங்களா?"

"இல்லம்மா."

மறுபடியும் கேட்டாள், நிச்சயமாகவா என்று. நிச்சயமாக என்றேன். சட்டம் படிக்கிற பெண் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தாள். இரண்டு பக்கத்துக்கு அழகாக எழுதினாள். இது இறைவனை நினைப்பதற்கான பொருள், நான் இதைப் பார்க்கத் தேவையில்லை, பார்க்கவும் இல்லை என்று என் பெயரில் முடித்திருந்தாள். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். போடும்போது வாய் பழக்கதோஷத்தில் பிஸ்மில்லாஹ் என்றது. பொய்யில் கையெழுத்துப் போடுவதற்கும் பிஸ்மில்லாஹ் சொன்ன ஆள் எங்கள் ஜமாத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

5

கூட்டம் காலை பத்து மணிக்கு. மேனேஜர் லோசா, சமோவாத் தீவுக்காரப் பெண். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஒரு முறை நோன்பு திறக்க எனக்குப் பஸ்ஸை ஐந்து நிமிஷம் தாமதமாக எடுக்க அனுமதி கொடுத்தவர். கடிதம் வந்த அன்றே நான் ஒப்படைத்த கவுன்டர் மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. பை மேல் என் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். துணைக்கு அஃப்ரின் வந்து, கறுப்புக் கோட்டுப் போட்டு, என் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

லோசா படத்தைப் போட்டுக் காட்டினார். என் உதட்டை நான் முதல் தடவையாக வெளியிலிருந்து பார்த்தேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடிவாளம் இல்லாத வாய். பிறகு அந்தப் பெண் கையைத் தூக்கிக் காட்டுவது தெரிந்தது. பிறகு என் கட்டை விரல் மறுபடி மூன்று தடவை அமுக்குவதும் தெரிந்தது. லோசா அதைக் கவனித்த மாதிரி இல்லை. நான் கவனித்தேன்.

அவர் அஃப்ரின் எழுதிய இரண்டு பக்கத்தையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரணமாகவே பேசினார். மத நம்பிக்கையில் நான் தலையிட விரும்பவில்லை, ஜமால். எழுதியிருப்பது சரி என்று நீங்கள் உங்கள் வாயால் சொன்னால் போதும். திடீர் பிரேக் என்று மட்டும் பதிந்து இதை இன்றோடு முடித்துவிடுகிறேன். நீங்கள் அதைப் பார்க்கவில்லை, அப்படித்தானே?

ஒரு 'யெஸ்' போதும். பதினொரு வருஷமாக நான் பழகிய சொல். அஃப்ரின் என் பக்கம் திரும்பவே இல்லை. அத்தா சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை அவளுக்கு.

ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டேன். என்ன சொல்வது என்று யோசிக்க நேரம் கேட்டதாக நினைத்துவிடாதீர்கள். பதற்றம் வந்தால் என் வாய் தானாக ஸலவாத்துக்குப் போய்விடும், அன்றும் போனது. அல்லாஹும்ம, இறைவா, என்று ஆரம்பித்த இடத்திலேயே நின்றுவிட்டேன். ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை அவனைக் கூப்பிட்டிருக்கிறேன். அவன் திரும்பிப் பார்ப்பான் என்று எதிர்பார்த்து ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை. கதவைத் தட்டிவிட்டு, திறப்பதற்குள் அடுத்த கதவுக்கு ஓடுகிற ஆளாகவே இருந்திருக்கிறேன்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். கூப்பிட்டுவிட்டு, அவன் கேட்கிறான் என்று தெரிந்தபின் அடுத்த சொல்லுக்குப் போனேன். அந்த ஒரு வரியைச் சொல்லி முடிக்க அந்த ஒரு நிமிஷமும் ஆயிற்று. அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சின்ன வயதில் மதரஸாவில் படித்ததுதான், புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் படித்தது வேறு, அந்த அறையில் நடந்தது வேறு. எனக்குப் பயமாகவும் இருந்தது, இதுவரை இல்லாத நிம்மதியாகவும் இருந்தது. அவனை நினைப்பதற்காக வந்த சாமானைக் காப்பாற்ற அவன் கண் முன்னாலேயே பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"பார்த்தேன்" என்று இங்கிலீஷில் சொன்னேன். "எண்ணைப் பார்த்தேன். அதனால்தான் பிரேக் தாமதமாயிற்று. அந்தப் பெண் எனக்கு நன்றி சொன்னார், நான் அதற்கு ஏற்றவன் இல்லை."

அஃப்ரினின் பேனா நின்றது. லோசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

முடிவை மதியமே சொல்லிவிட்டார்கள். வேலை போகவில்லை. கடைசி எச்சரிக்கை, ஒரு வருஷத்துக்கு என் கோப்பில் இருக்கும். ஆறு வாரம் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது, டெபோவில் பஸ் கழுவ வேண்டும். அதன் பிறகு மறுபடி ஓட்டுநர் பரீட்சை. தேறாவிட்டால் வேலை இல்லை.

காரில் திரும்பும்போது அஃப்ரின்தான் ஓட்டினாள். இரண்டு சிக்னல் தாண்டினோம்.

"நான் ரெண்டு தடவை கேட்டேன்" என்றாள்.

"ஆமாம்மா."

"என்னைப் பொய் எழுத வெச்சீங்க."

"ஆமா. உங்கிட்டயும் பொய் சொன்னேன். மன்னிச்சிரும்மா."

மகளிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆனால் கோபம் போகவில்லை. போக வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டாள்:

"அப்பறம் ஏன் உண்மையைச் சொன்னீங்க? அவங்க கண்டுபிடிச்சிருக்கவே மாட்டாங்களே."

"அந்த ரூம்ல அல்லாஹ் பக்கத்துல இருந்த மாதிரி இருந்துச்சு. எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா."

அவள் கிண்டல் செய்யவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து இறங்கினாள்.

6

இப்போது நான் பஸ் கழுவுகிறேன். நீளமான கம்பில் தூரிகை, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். இரண்டு கையிலும் சோப்பு, எதையும் எண்ண வழியில்லை. ஒவ்வொரு பஸ்ஸையும் ஆரம்பிக்கும்போது பிஸ்மில்லாஹ் சொல்கிறேன், சொன்ன பிறகுதான் தண்ணீரைத் திறக்கிறேன். சில பஸ்ஸுக்கு மனசு அதில் இருக்கும். சிலதுக்கு இருக்காது, பரீட்சையை நினைத்துக்கொண்டிருப்பேன். இல்லாதபோது இல்லை என்று தெரிகிறது, அதுவே எனக்குப் புதுசு. தெரிந்ததும் மறுபடி அவனிடம் போகிறேன். முன்பெல்லாம் ஒரு ஆயிரத்துக்குள் எத்தனை தடவை அவனை விட்டுப் போனேன் என்று எந்தக் கவுன்டரும் எனக்குக் காட்டியதில்லை. இதனால் நான் பெரிய ஆளாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நேற்றுக்கூட தூரிகையை ஒளித்து வைத்த ஒருவனோடு சண்டை போட்டேன்.

கூட்டம் நடந்த நாளைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் குழுவில் எண்ணிக்கை போட வேண்டிய நேரம் வந்தது. அந்த அறையில் ஓதியதற்குப் பிறகு நான் வேறு எதுவும் ஓதவில்லை. காலையில் காரில் போகும்போது வாய் பாட்டுக்கு ஓதியதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். சேர்க்கத் தோன்றவில்லை. 1 என்று அடித்து அனுப்பினேன்.

அங்கே அப்போது கடை நேரம். ஐந்து நிமிஷத்தில் மச்சானிடமிருந்து போன். பின்னால் யாரோ பிரேக் வயர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள, ஒன்னு போட்டுட்டு மிச்சத்த விட்டுட்டீங்க. எத்தனை ஆயிரம்?"

"ஆயிரம் இல்ல மச்சான். ஒன்னுதான்."

கடைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஒடம்புக்கு ஒன்னும் இல்லீங்களே?" என்றார்.

"நல்லா இருக்கேன் மச்சான். இன்னைக்கு ஒன்னு ஓதினேன். அதைப் போட்டுக்கங்க."

"சரிங்க மாப்ள. போட்டுக்கறேன்" என்றார்.

மறுநாள் விடிகாலை பட்டியல் வந்தது. முப்பத்தோராவது ஆளாக, எல்லாருக்கும் கீழே என் பெயர். எங்கள் ஆட்கள் யாரும் சில்லறையாகப் போட மாட்டார்கள், நூறு நூறாகவே போடுவார்கள். அதனால் குடும்பத்தின் மொத்தம் தினமும் இரண்டு பூஜ்யத்தில்தான் முடியும். அன்றைக்கு நாற்பத்தாறாயிரத்து எழுநூற்று ஒன்று என்று எழுதியிருந்தார் மச்சான்.